துக்க வீட்டுக்குப் போகும் ஊர்: அயர்லாந்து பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் என் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ மாவட்டம். அங்கே ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த அயர்லாந்து எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு சொல்லித் தந்த அயர்லாந்து. டப்ளினில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவரைக் கேட்டால் வேறு ஒரு நாட்டைச் சொல்வார். அதுவும் உண்மைதான்.

என் மகள் அடுத்த மாதம் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகிறாள். அங்குள்ளவர்களோடு பழக முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?
— வாசகி, மதுரை

எதையும் மூன்று தடவை கேட்கச் சொல்லுங்கள், அம்மா. ஒரு பாட்டியிடம் "டீ குடிக்கிறீர்களா?" என்று கேட்டால் முதல் தடவை "வேண்டாம், வேண்டாம்" என்பார். இரண்டாம் தடவை "உனக்கு எதுக்குச் சிரமம்" என்பார். மூன்றாம் தடவை "சரி, நீ போடுவதாக இருந்தால் ஒரு துளி" என்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படியோ அப்படியே. முதல் தடவையோடு விட்டுவிட்டால் அந்த மனுஷி டீ இல்லாமலேயே உட்கார்ந்திருப்பார், வாய் திறந்து கேட்க மாட்டார்.

டீயில் இது சின்ன விஷயம். வலியில் பெரிய விஷயம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "கிராண்ட்". பிரமாதம் என்று அர்த்தமில்லை, 'பரவாயில்லை, ஓடுகிறது' என்று அர்த்தம். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஒரு விவசாயி என்னிடம் "கிராண்ட்" என்று சொல்லியிருக்கிறார். அதனால் வலி இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. முகத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி கேட்க வேண்டும். மூன்றாவது தடவைதான் உண்மை வரும்.

அப்புறம் சில சொற்கள். "பிரெஸ்ஸில் வை" என்றால் அலமாரியில் வைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. "ஹாட் பிரெஸ்" என்பது வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரி. துவைத்த துணிகளை அந்தச் சூட்டில் அடுக்கி வைப்பார்கள். "அவர் கிவ்விங் அவுட்" என்றால் யாரோ திட்டிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எல்லோரும் சொல்வார்கள். கிராமத்துச் சாலையில் எதிரே வரும் காரின் டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். அதுதான் வணக்கம். அவரைத் தெரியாவிட்டாலும் பதிலுக்கு ஒரு விரலைத் தூக்க வேண்டும்.

அயர்லாந்து இங்கிலாந்தின் ஒரு பகுதிதானே?
— கல்லூரி மாணவர், சென்னை

இல்லை. தீவின் 32 மாவட்டங்களில் 26 மாவட்டங்கள் 1922-இல் தனி நாடாகி, 1949-இல் குடியரசு ஆயின. வடக்கே ஆறு மாவட்டங்கள் மட்டும் பிரிட்டனோடு இருக்கின்றன. இங்கே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதீர்கள், தம்பி. "பாய்காட்" என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்ததே எங்கள் மேயோவில்தான். 1880-இல் மாஸ்க் ஏரிக்கரையில் சார்லஸ் பாய்காட் என்று ஒரு நிலக் காரியஸ்தர் இருந்தார். குத்தகை பாக்கிக்காகக் குடியானவர்களை வெளியேற்றப் பார்த்தபோது ஊரே அவரை ஒதுக்கி வைத்தது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை. அவர் பெயரே அந்தப் போராட்டத்துக்குப் பெயராகிவிட்டது.

நம் ஊரில் சாவு வீடு என்றால் ஊரே கூடும். அங்கே எல்லாம் அமைதியாக, அழைப்பு அனுப்பி, குறைந்த பேரோடு முடித்துவிடுவார்களா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, நான் இந்த ஊர்க்காரியாக ஆனதே சாவு வீடுகளில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே யாரும் அழைப்பு அனுப்புவதில்லை. காலையில் உள்ளூர் வானொலியில் செய்தி முடிந்ததும் மரண அறிவிப்பு வாசிப்பார்கள். எங்கள் இல்லத்தில் அந்த நேரத்தில் ஒரு ஸ்பூன் சத்தம் கேட்காது. இணையத்தில் இதற்காகவே ஆர்ஐபி டாட் ஐஈ என்று ஒரு தளம் 2005-லிருந்து இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற அயர்லாந்துக்காரர்கள்கூடக் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறார்கள். யார் போனார், எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை போகலாம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

வீட்டில் உடலை வைத்து விழித்திருப்பதற்கு "வேக்" என்று பெயர். பெட்டி திறந்திருக்கும். கையில் ஜெபமாலை சுற்றியிருக்கும். இரவு முழுவதும் உடலைத் தனியாக விடக் கூடாது, யாராவது ஒருவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பழைய ஆட்கள் இன்னும் சிலவற்றைக் கடைப்பிடிக்கிறார்கள். உயிர் பிரிந்த நிமிடத்தில் கடிகாரத்தை நிறுத்துவார்கள். கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார்கள். ஆத்மா வெளியே போக ஜன்னலைத் திறந்து வைத்து, அது திரும்பி வந்துவிடாதபடி கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவார்கள். இல்லத்தில் யாராவது இறந்தால் நானும் முதலில் ஜன்னலைத்தான் திறக்கிறேன். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. மூத்த நர்ஸ் ஒருவர் திறந்ததைப் பார்த்தேன், அன்றிலிருந்து கை தானாகப் போகிறது.

நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். இங்கேயும் அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவருவார்கள், ஆனால் அடுப்பு அணைவதே இல்லை. ஹாம் சாண்ட்விச், ஆப்பிள் டார்ட், வெண்ணெய் தடவிய பழ ரொட்டி என்று மேஜை நிறைந்துவிடும். கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன்கள் வயலில் நின்று கார்களுக்கு இடம் காட்டுவார்கள். வருகிறவர்கள் வரிசையாக வந்து குடும்பத்தார் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, "உங்களுக்கு வந்த துன்பத்துக்கு வருந்துகிறேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்கள். எல்லோரும் அதே வாக்கியம். புதுசாக எதுவும் யோசிக்க வேண்டியதில்லை என்பதே பெரிய ஆறுதல். பிறகு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு போனவரைப் பற்றிக் கதை சொல்வார்கள், சிரிப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது அந்தச் சிரிப்பு எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது அது இல்லாத வேக் எனக்குத்தான் குறையாகத் தெரிகிறது.

மூன்றாம் நாளுக்குள் அடக்கம் முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் குழியைக் கூலிக்கு வெட்டுவதில்லை, அண்டை வீட்டு ஆண்கள் வெட்டுகிறார்கள். சவ வண்டி கடைத்தெருவைக் கடக்கும்போது கார்கள் ஓரமாக நிற்கும், கடைக்காரர் கதவைப் பாதி சாத்துவார், தொப்பி போட்டவர் கழற்றுவார்.

ஒப்பாரியும் இருந்தது, ஐயா. ஆங்கிலத்தில் "கீனிங்" என்பார்கள். அழுவதற்கான அயர்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது. உடலைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து, முன்னும் பின்னும் ஆடியபடி, செத்தவரைப் பெயர் சொல்லி விளித்து, குலப் பெருமை பாடி அழுவார்கள். கூலிக்கு அழும் பெண்களும் உண்டு. பாதிரியார்கள் நூற்றாண்டுக் கணக்கில் கண்டித்துக் கண்டித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய அடங்கிவிட்டது. 1773-இல் கார்க் மாவட்டத்தில் ஆர்ட் ஓ'லீரி என்பவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி எய்லீன் டுவ் நீ கோனல் பாடிய ஒப்பாரி எழுத்தில் நிலைத்துவிட்டது. கணவன் இல்லாமல் குதிரை மட்டும் வீடு திரும்புகிறது. அவள் அதே குதிரையில் ஏறிப் போய்ப் பார்க்கிறாள். வழிந்த ரத்தத்தைத் துடைக்க மனம் வராமல் கையில் ஏந்திக் குடிக்கிறாள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் இல்லத்தில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். என் ஆச்சியின் ஒப்பாரியில் எனக்கு நினைவிருந்த நாலு வரியை நான் அவருக்குப் பாடிக் காட்டினேன். மொழி புரியாமலே கண்ணை மூடிக் கேட்டார்.

அந்நிய நாட்டில் உங்கள் வீட்டிலேயே ஒரு துக்கம் என்றால் யார் வருவார்கள் என்று பயமாக இல்லையா?
— வாசகி, நாகர்கோவில்

பயம் இருந்தது. 2020 மே மாதம் என் அப்பா இறந்தார். விமானம் கிடையாது. அடக்கத்தை செல்போன் திரையில்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை வாசல் திண்டில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே இன்னும் சூடு ஆறாத பிரவுன் பிரெட். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நோய்க் கட்டுப்பாடு இருந்ததால் யாரும் உள்ளே வர முடியாது. சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எங்கள் கேட் வரை வந்து, கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மழைத் தூறலில் நின்றார். என் அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "உங்களுக்கு வந்த துன்பத்துக்கு வருந்துகிறேன்."

அந்த வாரம் தபாலில் பதினொரு அட்டைகள் வந்தன. இறந்தவருக்காகப் பூசை வைக்கச் சொல்லி, பாதிரியார் கையெழுத்து வாங்கி, துக்க வீட்டுக்கு அனுப்புகிற அட்டை அது. அப்பா தினமும் திருநீறு பூசியவர். எழுத்துக் கூட்டத் தெரியாமல் அவர் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். அந்தப் பதினொன்றும் இன்று வரை அவர் படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அயர்லாந்துக்காரர்கள் மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான் சாப்பிடுவார்களாமே? அதனால்தான் பஞ்சம் வந்ததா?
— வாசகர், ஈரோடு

இப்போது மூன்று வேளையெல்லாம் இல்லை. பாஸ்தாவும் சிக்கன் கறியும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் எங்கள் இல்லத்தில் மதியச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை, நமக்குச் சோறு மாதிரி. தோலோடு வேகவைத்துக் கிண்ணத்தில் நடுவே வைப்பார்கள். தோல் தானாக வெடித்து உள்ளே மாவாக உதிர வேண்டும். "மாவு உருண்டை" என்று சொன்னால் அதுதான் சமையல்காரருக்குப் பெரிய பாராட்டு. வழவழவென்று இருந்தால் தட்டு அப்படியே திரும்பி வந்துவிடும்.

பஞ்சத்துக்கு வருகிறேன். 1840-களில் ஏழைக் குடியானவர் ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ கிழங்கு சாப்பிட்டார், கூடக் கொஞ்சம் மோர். அவரிடம் இருந்த துண்டு நிலத்தில் வேறு எதைப் போட்டாலும் குடும்பத்துக்குக் காணாது. நல்ல நிலத்தில் விளைந்த தானியமும் வளர்ந்த மாடும் குத்தகைப் பணமாக நிலச்சுவான்தாருக்குப் போயின. 1845-இல் கிழங்கை அழுகவைக்கும் நோய் வந்தது. 1852 வரை இழுத்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பல் ஏறினார்கள். அந்த வருடங்களிலும் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் கால்நடையும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆகவே கிழங்கு நோய் மட்டும் காரணம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. சந்தை தானே பார்த்துக்கொள்ளும், இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று லண்டனில் உட்கார்ந்து நினைத்தார்கள். முப்பது வருடம் கழித்து, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் மீதும் இதே சிந்தனைதான் விழுந்தது. வேலை செய்தால்தான் கஞ்சி என்றார்கள். நம் ஊரில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியைப் பஞ்ச ஜனங்களை வைத்து வெட்டினார்கள். இங்கே மலைப் பக்கம் போனால், அதே மாதிரி பஞ்ச ஜனங்களை வைத்துப் போட்ட, எந்த ஊருக்கும் போகாமல் பாதியில் நிற்கிற சாலைகளைக் காணலாம்.

1841-இல் மேயோவில் கிட்டத்தட்ட 3,89,000 பேர் இருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் சுமார் 1,38,000. காலியாகிப் போன ஊர்களின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மலைச்சரிவில் பழைய கிழங்குப் பாத்திகளின் வரி தெரியும்.

1849 மார்ச் கடைசியில் லூயிஸ்பர்க் என்ற ஊரில் பசியோடு கூடிய சில நூறு பேரிடம், நிவாரணம் வேண்டுமானால் டெல்ஃபி மாளிகைக்கு வந்து அதிகாரிகளைப் பாருங்கள் என்று சொன்னார்கள். டூலோ ஏரிக்கரை வழியாகப் பனியிலும் காற்றிலும் நடந்தார்கள். போன இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியிலேயே பலர் விழுந்து செத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதன் அடியில் பொறித்திருப்பது காந்தி கேட்ட கேள்வி: சக மனிதரை அவமானப்படுத்துவதில் மனிதருக்கு எப்படிப் பெருமை வர முடியும்? நான் முதல் தடவை அங்கே போனபோது இது தெரியாது. குனிந்து அந்தப் பெயரைப் படித்ததும் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா நடக்கப் போகும்போதெல்லாம் கோட்டுப் பையில் ஒரு ரொட்டித் துண்டு வைத்துக்கொள்வார். பஞ்சத்தில் செத்தவர் விழுந்த இடத்தில் முளைக்கும் புல்லை மிதித்தால் தாளாத பசி பிடிக்கும் என்பது இங்குள்ள நம்பிக்கை. "பசிப்புல்" என்றே பெயர். ஒரு வாய் ரொட்டி தின்றால்தான் விடும்.

அயர்லாந்து என்றாலே குடிதான் என்கிறார்களே?
— வாசகர், கோயம்புத்தூர்

குடியால் கெட்ட குடும்பங்கள் இங்கே உண்டு, நம் ஊரில் இருப்பது போலவே. ஆனால் வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாதவர்களும் ஏராளம். எங்கள் இல்லத்தில் பல தாத்தாக்கள் கோட்டில் ஒரு சின்ன இருதயச் சின்னம் குத்தியிருப்பார்கள். 1898-இல் தொடங்கிய "பயனியர்" மதுவிலக்குச் சங்கத்தின் சின்னம் அது. 'பப்' என்பது இங்கே ஊர்த் திண்ணை மாதிரி. சிலர் அங்கே டீ மட்டும் குடித்துவிட்டு, ஃபிடில் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

அவர்களுக்கென்று தனி மொழி இருக்கிறதா, இல்லை ஆங்கிலம் மட்டுமா?
— தமிழாசிரியை, பாளையங்கோட்டை

இருக்கிறது. அரசியல் சட்டப்படி அதுதான் முதல் ஆட்சிமொழி. ஊர்ப் பலகைகளில் மேலே அதுதான் இருக்கும். பள்ளியில் எல்லோரும் படிக்கிறார்கள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 2022-இல் சுமார் 72,000 பேர்தான். மேயோவின் வடமேற்கு ஓரத்தில் அப்படிப்பட்ட ஊர்கள் உண்டு. அங்கிருந்து வந்த பாட்டிகளுக்கு மறதி நோய் முற்றினால் ஆங்கிலம் முதலில் போய்விடும். குழந்தையில் பேசியது மட்டும் மிஞ்சும். அவர்களுக்காகத்தான் நான் கற்க ஆரம்பித்தேன்.

கற்கும்போதுதான் ஆச்சரியம். "ஐ ஹேவ்" என்பதற்கு அந்த மொழியில் வினைச்சொல்லே இல்லை. "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்று நம்மைப் போலத்தான் சொல்ல வேண்டும். "எனக்குப் பசி" என்பதை "என் மேல் பசி இருக்கிறது" என்பார்கள். மன்னிப்புக் கேட்கவும் "என் மேல் துயரம் இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். ஆம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என்று வினையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நமக்கு ஆம் இருந்தும் வீட்டில் அப்படித்தானே பதில் சொல்கிறோம்! வினை மட்டும் இடம் மாறும்: நமக்குக் கடைசியில், அவர்களுக்கு முதலில். இரண்டும் உறவு மொழிகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் நெல்லைப் பக்கத்துக்காரர் என்பதால் இன்னொன்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல், 1814-இல் பிறந்தது இந்தத் தீவில்தான், வடக்கே ஆண்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடி என்ற ஊரில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், சிறு வயதிலேயே கிளாஸ்கோ போய்விட்டார்கள். அவர் அடக்கமாகியிருக்கிற இடையன்குடிக் கோயிலின் மணியோசையை நான் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

மரத்தில் துணி கட்டி வேண்டிக்கொள்வார்கள் என்று படித்தேன். கிறிஸ்தவ நாட்டில் இது எப்படி?
— வாசகி, திருவண்ணாமலை

புனிதக் கிணறு என்று நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு முள்மரம் நிற்கும், அதில் துணிக்கிழிசல் கட்டியிருக்கும். துணி மக்க மக்க நோயும் போகும் என்பது நம்பிக்கை. கிணற்றைச் சுற்றிச் சூரியன் போகும் திசையில், அதாவது நாம் பிரதட்சிணம் வருகிற அதே திசையில், ஜெபம் சொல்லிக்கொண்டு வருவார்கள். கிரிவலம் ஊர்க்காரரான உங்களுக்கு இது பிடிக்கும்: ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் குரோ பேட்ரிக் மலையில், 764 மீட்டர் உயரத்துக்கு, ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். உருளும் கூர்ங்கல் மலை அது. சிலர் அதில் வெறுங்காலோடு ஏறுகிறார்கள்.

வயல் நடுவே தனியாக நிற்கும் முள்மரம் "தேவதைகளின்" மரம். அதை வெட்ட மாட்டார்கள். கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்ற இடத்தில் சாலை போட அப்படியொரு மரத்தை எடுக்க வேண்டியிருந்தது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி 1999-இல் எழுந்து எதிர்த்தார், மரம் தப்பியது. இன்றும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது.

திருச்சபையின் பிடி அங்கே இன்னும் பலமாக இருக்கிறதா?
— வாசகர், தூத்துக்குடி

தொலைக்காட்சியில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஆலய மணி பதினெட்டு தடவை ஒலிக்கும். என் பாட்டிகள் கையிலிருக்கும் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் 2015-இல் ஒருபால் திருமணத்துக்கு வாக்களித்தவர்கள். 2018-இல் கருக்கலைப்புத் தடையை நீக்க 66 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தவர்கள். அந்த இரண்டாவது வாக்கெடுப்பின்போது சுவர்களில் எல்லாம் ஒரு இந்தியப் பெண்ணின் முகம் இருந்தது. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர். 2012-இல் கரு சிதைந்துகொண்டிருந்தபோதும் கலைக்க மறுக்கப்பட்டு, நோய்த்தொற்றில் கால்வே நகரில் இறந்தார்.

பிடி தளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. எங்களுக்குத் தெற்கே டூயம் என்ற ஊரில், மணமாகாத தாய்மார்களை அடைத்து வைக்கும் இல்லத்தை 1925 முதல் 1961 வரை கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். கேத்தரின் கோர்லெஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணி அங்கே செத்த குழந்தைகளின் மரணச் சான்றுகளை ஒவ்வொன்றாக, தன் கைக்காசு போட்டு வாங்கித் தேடினார். 796 குழந்தைகள். அடக்கம் செய்ததற்குப் பதிவு இல்லை. பழைய கழிவுநீர்த் தொட்டி அமைப்புக்குள் எலும்புகள் கிடந்தன. 2025-இல்தான் முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள்.

ஒரு கிழவருக்காக ஊரே சாலையோரம் நிற்கிற நாட்டில் 796 குழந்தைகளுக்கு ஒரு மெழுகுவர்த்தி இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுக்களுக்கும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. வயல் வரப்பிலோ, கடலோரத்திலோ, இருட்டின பிறகு அப்பா மட்டும் போய்ப் புதைத்துவிட்டு வருவார். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி அறுபது வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை ஓர் இரவு என்னிடம் சொன்னார். எந்த வேலிக்குப் பக்கத்தில் என்று அவருக்குத் தெரியும். கணவர் ஒரு தடவை காரில் போகும்போது கையைக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். மறுவாரம் அவர் மகளும் நானும் சக்கர நாற்காலியில் அங்கே கூட்டிப்போனோம். அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். அறுபது வருடத்தில் அதை அவரிடம் சொன்ன முதல் ஆள் நான்தான்.

பெண்களுக்கென்று ஏதாவது பண்டிகை உண்டா?
— வாசகி, காரைக்குடி

ஜனவரி 6, பெண்கள் கிறிஸ்துமஸ். பண்டிகை முழுக்க உழைத்த பெண்கள் அன்று வெளியே போய்ச் சேர்ந்து சாப்பிடுவார்கள், ஆண்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். கார்க், கெர்ரி பக்கத்து வழக்கம். இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்டது. எங்கள் ஷிஃப்டில் அன்று ஆண் நர்ஸ்களே டீ போடுகிறார்கள்.

உங்கள் மேயோ கால்பந்து அணிக்குச் சாபம் இருக்கிறதாமே, உண்மையா?
— பள்ளி மாணவன், திருநெல்வேலி

இங்கே கேலிக் கால்பந்து என்று ஒரு ஆட்டம். பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். விளையாடுகிறவர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை டப்ளினில் 82,000 பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பார். அகில அயர்லாந்துக் கோப்பையை மேயோ கடைசியாக வென்றது 1951-இல். 1989-லிருந்து 2021 வரை பதினொரு தடவை இறுதி ஆட்டத்துக்குப் போய்ப் பதினொரு தடவையும் தோற்றது.

ஊரில் சொல்கிற கதை இது. 1951-இல் கோப்பையோடு ஊர் திரும்பிய வீரர்கள் ஃபாக்ஸ்ஃபோர்ட் வழியாக ஆரவாரமாக வந்தபோது எதிரே ஒரு சவ ஊர்வலம். அவர்கள் நிற்கவில்லை. அதைப் பார்த்த பாதிரியார், இந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும் வரை மேயோ மறுபடி ஜெயிக்காது என்று சபித்தாராம். அப்படி ஒரு சவ ஊர்வலமே அன்று நடக்கவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. என் பாட்டிகளிடம் கேட்டால், நடந்ததா இல்லையா என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. "நின்றிருக்க வேண்டும்" என்கிறார்கள். கோடையில் ஆட்ட நாள் வந்தால் அவர்கள் கட்டில் கம்பியில் எல்லாம் பச்சை, சிவப்புக் கொடி கட்டித் தருவது என் வேலை. இந்த வருடமும் கட்டுவேன், தம்பி.